ஊர்க் கிணற்றுக்கு ஊரே கணக்குப்பிள்ளை

நிலத்தடி நீர்த் திட்டமிடலில் ஊர்மக்களின் பங்கு குறித்து மதுரை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

எங்கள் ஊராட்சியில் தண்ணீர்த் திட்டம் போடுவதாகச் சொல்லி வீட்டுக்கு வீடு கையெழுத்து வாங்கிப் போனார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மக்கள் பங்கேற்பு என்பது இதுதானா? (மேலூர் வாசகர்)

இல்லை. அந்தக் கையெழுத்து வருகைப் பதிவேட்டை நிரப்பத்தான் உதவும். நீங்கள் நுழைய வேண்டிய வாசல் கிராம சபை. தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதால் தண்ணீர்ப் பேச்சை அன்றைக்கு ஒதுக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. நம் பக்கத்துக்கு அது பிந்திய தேதி. வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு முடிகிறது. கோடைப் பயிருக்கு நாற்றுப் பாவுவதும் விதை வாங்குவதும் அதற்கடுத்து நடக்கின்றன. ஆகவே தண்ணீர்க் கணக்கை ஜனவரி 26 அன்று வையுங்கள். வரத்துக்கால் (கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் கால்வாய்) வெட்டுவது, ஊருணி தூர்வாருவது போன்ற வேலைப் பட்டியலை அக்டோபர் 2 கூட்டத்தில் கொடுங்கள். அடுத்த ஆண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தை அப்போதுதான் எழுதத் தொடங்குவார்கள்.

குறைந்தபட்ச வருகை எவ்வளவு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். ஊராட்சி தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலத்திலும் கூட்டம் நடந்தாக வேண்டும்.

தீர்மானத்தின் வாசகத்தில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். ‘நிலத்தடி நீரைப் பாதுகாப்பதெனத் தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதினால் யாருக்கும் வேலை இல்லை. எந்தச் சர்வே எண்ணில் உள்ள கால்வாய், எத்தனை மீட்டர் நீளம், எந்தத் துறை செய்ய வேண்டும், எந்த மாதத்துக்குள் என்று நான்கும் இருக்கட்டும். துறையைச் சரியாக எழுதுங்கள். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும், ஊருணி ஊராட்சியிடமும் இருக்கும். முகவரி தவறினால் மனு மாதக்கணக்கில் மேசை மேசையாகச் சுற்றும்.

அடல் பூஜல் திட்டத்தில் எங்கள் ஊர் சேருமா? (திருமங்கலம் வாசகர்)

சேராது. மத்திய அரசு 2019 டிசம்பரில் தொடங்கிய அந்த 6,000 கோடி ரூபாய் நிலத்தடி நீர்த் திட்டம் குஜராத், ஹரியானா, கர்நாடகம், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய ஏழு மாநிலங்களுக்கானது. ஆனால் ஊராட்சி வாரியாக நீர் வரவு செலவு எழுதி, அதன்மேல் திட்டம் போடும் அதன் முறையை யாரும் பின்பற்றலாம். அதற்கு அரசாணை தேவையில்லை, ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

கிணற்று நீர்மட்டத்தை நாங்களே அளக்கலாம் என்கிறார்கள். எந்தக் கிணறு, எப்படி, எத்தனை முறை? (உசிலம்பட்டி வாசகர்)

கூட்டம் கூட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. கையில் அளவு இல்லாமல் கூடினால் ‘போன வருசம் இதைவிட மோசம்’, ‘இல்லை, இந்த வருசம்தான்’ என்பதோடு பொழுது போய்விடும்.

100 ஹெக்டேருக்கு ஒரு கிணறு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பகுதியில் சில, கண்மாய்க்குக் கீழே சில, இடையில் சில. எல்லாவற்றையும் கண்மாய்க் கரையடியிலேயே எடுத்துவிட்டால் ஊரே செழிப்பாக இருப்பதுபோல் கணக்குக் காட்டும். குடிநீர்க் கிணறு ஒன்றாவது பட்டியலில் இருக்க வேண்டும். மதுரை மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப் பாறை. மேலே சிதைந்த பாறை அடுக்கில் ஊறுவது வட்டக் கிணற்றுத் தண்ணீர். போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) வருவது அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளின் தண்ணீர். இரண்டும் வேறு வேறு வேகத்தில் ஏறி இறங்கும். எனவே இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்குங்கள், சேர்த்துச் சராசரி போடாதீர்கள்.

வட்டக் கிணற்றுக்கு 30 மீட்டர் டேப்பும் நுனியில் ஒரு எடையும் போதும். கைப்பிடிச் சுவரில் ஓர் இடத்தில் பெயின்ட்டால் கோடு போட்டு, எப்போதும் அங்கிருந்தே அளவெடுங்கள். அந்தக் கோடு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதை அளவில் கழித்து எழுதுங்கள். இதை மறந்து, ஒருவர் சுவரிலிருந்தும் இன்னொருவர் தரையிலிருந்தும் அளந்தால் மழையே பெய்யாமல் மூன்றடி தண்ணீர் ஏறிவிடும்!

போருக்கு இரண்டு இழை மின்கம்பி, 9 வோல்ட் பேட்டரி, ஒரு பஸ்ஸர். நுனி தண்ணீரைத் தொட்டதும் ஒலிக்கும். கம்பியில் மீட்டருக்கு மீட்டர் அடையாளம் இடுங்கள். நீர்மூழ்கி மோட்டார் இறங்கியிருக்கும் போரில் கம்பி, கேபிளோடு சிக்கிக்கொள்ளும், இழுத்தால் அறுந்துவிடும். அதனால் பயன்படுத்தாமல் விட்ட போரைத் தேடுங்கள். இல்லாவிட்டால், அடுத்த முறை மோட்டாரை மேலே எடுக்கும்போது பக்கத்திலேயே முக்கால் அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றையும் இறக்கிவைக்கச் சொல்லுங்கள்.

மோட்டார் ஓடி நின்ற கையோடு அளக்காதீர்கள். இரவு முழுதும் ஓயவிட்டுக் காலையில் அளக்க வேண்டும். பாறைப் பகுதியில் ஊற்று மெதுவாகத்தான் மேலேறும். தோட்டத்தில் ஆட்டோ ஸ்டார்ட்டர் இருந்தால் மும்முனை மின்சாரம் வந்ததும் யாரும் கேட்காமலே மோட்டார் ஓடத் தொடங்கியிருக்கும். முதல்நாளே சொல்லி வையுங்கள்.

மாதம் ஒருமுறை, ஒரே தேதியில் அளந்தால் போதும். மே மாத அளவும் ஜனவரி அளவும் தவறவே கூடாது. மத்திய அரசின் ஜல்தூத் செயலி வழியாக கிராமத்துக்கு இரண்டு மூன்று கிணறுகளை மே மாதமும் அக்டோபர் மாதமும் அளக்கச் சொல்கிறார்கள். தென்மேற்குப் பருவமழையை நம்பும் மாநிலங்களுக்கு அக்டோபர் என்பது மழைக்குப் பிந்தைய அளவு. நமக்கோ அப்போதுதான் மழையே தொடங்குகிறது. அந்த இரண்டை மட்டும் வைத்து ‘மழைக்குப் பிறகும் மட்டம் ஏறவில்லை’ என்று யாராவது சொன்னால், ஜனவரி அளவை எடுத்துக் காட்டுங்கள்.

நீர் வரவு செலவுக் கணக்கை எண்களோடு ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். (கள்ளிக்குடி வாசகர்)

கற்பனையாக ஓர் ஊராட்சியை எடுத்துக்கொள்வோம். பரப்பு 800 ஹெக்டேர், ஆண்டு மழை 850 மி.மீ., மக்கள் 2,500 பேர்.

வரவு: ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மழை என்பது 10 கன மீட்டர், அதாவது 10,000 லிட்டர். 800 ஹெக்டேரில் 850 மி.மீ. என்றால் 68 லட்சம் கன மீட்டர். இதைக் கேட்டதும் கூட்டத்தில் எல்லோர் முகமும் மலரும். ஆனால் நம் பாறை நிலத்தில் மிகச் சிறு பங்குதான் கீழே இறங்கும். மத்திய அரசின் 2015 நிலத்தடி நீர் மதிப்பீட்டு முறையில், சிதைந்த பாறையில் களி குறைவாக இருந்தால் 11 சதவீதம், களி மிகுந்திருந்தால் 8, சார்னோகைட் வகைப் பாறைக்கு 5 என்று கொள்கிறார்கள். 8 என்று வைத்தால் 5.44 லட்சம். கண்மாயில் நிற்கும் தண்ணீரிலிருந்து நாளுக்கு 1.4 மி.மீ. இறங்குவதாகக் கணக்கு. சராசரியாக 40 ஹெக்டேரில் 120 நாள் தண்ணீர் நின்றால் 0.67 லட்சம். இரண்டும் சேர்ந்து 6.11 லட்சம். ஓடைக்கும் ஊற்றுக்கும் தானாகப் போவதற்குப் பத்தில் ஒரு பங்கை விட்டுவிடுங்கள். மிச்சம் 5.5 லட்சம் கன மீட்டர்.

செலவு: ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வீதம் குடிநீர் 0.50 லட்சம். மாடு 600, தலைக்கு 50 லிட்டர் என்றால் 0.11 லட்சம். குடிநீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்து வந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். பாசனத்துக்கு மிஞ்சுவது 4.89 லட்சம்.

இனி உண்மையில் எடுப்பது எவ்வளவு என்று பாருங்கள். இலவச மின்சாரத்துக்கு மீட்டர் கிடையாது, ஆகவே டிரம்தான் மீட்டர். 200 லிட்டர் டிரம் 60 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 12,000 லிட்டர். போட்டவுடன் அளக்காதீர்கள். முதல் பத்து நிமிடம் தேங்கியிருந்த தண்ணீர் பாய்ந்து வரும், பிறகு இளைக்கும். அரை மணி நேரம் ஓடியபின் அளந்தால்தான் சரியான எண் கிடைக்கும். 90 கிணறுகள், நாளுக்கு 4 மணி நேரம், ஆண்டுக்கு 150 நாள் என்றால் 6.48 லட்சம் கன மீட்டர். வயலிலிருந்து மறுபடி கீழே இறங்குவது பத்தில் ஒரு பங்கு என்று கழித்தால் 5.83 லட்சம். ஆக, துண்டு விழுவது 0.94 லட்சம் கன மீட்டர்.

லட்சமும் கன மீட்டரும் கூட்டத்தில் யாருக்கும் ஒட்டாது. ஏக்கராக மாற்றிச் சொல்லுங்கள். நெல்லுக்கு 1,200 மி.மீ., உளுந்துக்கு 280 மி.மீ. தண்ணீர் தேவை என்று வைத்தால், கிணற்றுப் பாசனத்தில் கோடை நெல் போடும் ஒரு ஏக்கர் உளுந்துக்கு மாறும்போது சுமார் 3,700 கன மீட்டர் மிஞ்சும். 25 ஏக்கர் மாறினால் துண்டு அடைபடும். நெல் வயலிலிருந்து கூடுதலாகக் கீழே இறங்கித் திரும்பும் தண்ணீரையும் கணக்கில் எடுத்தால் 40 ஏக்கர் வரை தேவைப்படலாம். நிலக்கடலை சுமார் 500, பருத்தி 600, கரும்பும் வாழையும் 2,000 மி.மீ. அளவில் கேட்கும். இப்போது பேச்சு ‘தண்ணீரைச் சேமிப்போம்’ என்பதை விட்டு ‘எந்த 40 ஏக்கர்?’ என்பதற்கு வந்துவிடும். அங்கே வாக்குவாதம் வரும். வரட்டும், அதற்குத்தான் கூட்டம்.

கணக்கு சரியா என்று பார்க்க ஒரு குறுக்குவழி. பாறை நிலத்தில் நீர் தங்கும் இடம் கன அளவில் 2 சதவீதம் என்று வைத்தால், 800 ஹெக்டேரில் மட்டம் 1 மீட்டர் ஏறுவது 1.6 லட்சம் கன மீட்டருக்குச் சமம். மே மாதத்திலிருந்து ஜனவரிக்குள் வட்டக் கிணறுகள் சராசரி 3.5 மீட்டர் ஏறியிருந்தால் 5.6 லட்சம். மேலே போட்ட வரவோடு ஏறத்தாழ ஒத்துப்போகிறது. பாதிக்குப் பாதி வேறுபட்டால் களி, பாறை பற்றிய உங்கள் ஊகத்தைத் திருத்த வேண்டும்.

உங்கள் குறுவட்டம் (பிர்க்கா) அரசு மதிப்பீட்டில் எந்த வகை என்பதையும் கேட்டு வாங்குங்கள். ஆண்டில் எடுக்கத்தக்க தண்ணீரில் எடுப்பு 70 சதவீதம் வரை பாதுகாப்பானது, 90 வரை ஓரளவு அபாயம், 100 வரை அபாயம், அதற்கு மேல் அதிநுகர்வு. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஆனால் குறுவட்டம் என்பது பல ஊர்களின் சராசரி. ஆற்றோர ஊரின் செழிப்பில் மேட்டு ஊரின் வறட்சி மறைந்துபோகும். உங்கள் நோட்டுக்கு மதிப்பு அங்கேதான்.

பெரிய தோட்டக்காரர்கள் கூட்டத்துக்கே வருவதில்லை. ‘என் நிலம், என் போர்’ என்கிறார்கள். சட்டத்தால் கட்டுப்படுத்த முடியாதா? (அலங்காநல்லூர் வாசகர்)

தமிழ்நாட்டில் 2003இல் நிலத்தடி நீர் மேம்பாடு, மேலாண்மைக்கென்று சட்டம் இயற்றினார்கள். 2013இல் அதை நீக்கிவிட்டார்கள். புதிதாகப் போர் போட ஊராட்சியில் அனுமதி வாங்க வேண்டும் என்ற 2015 விதி இருக்கிறது. திறந்த போரில் குழந்தைகள் விழும் கொடுமையைத் தடுப்பது அதன் முக்கிய நோக்கம். ஆனாலும் அந்த அனுமதிப் பதிவேடு உங்களுக்குப் பொக்கிஷம். எந்த ஆண்டு, யார் நிலத்தில், எத்தனை அடி என்று அதில் இருக்க வேண்டும். பல இடங்களில் ரிக் வண்டி இரவோடு இரவாக வந்து போய்விடுவதால் பதிவேடு காலியாகக் கிடக்கும். அதை நிரப்பச் சொல்லிக் கேட்பதே நல்ல தொடக்கம்.

தடையைப் பற்றி முதல் கூட்டத்தில் பேசினால் இரண்டாவது கூட்டத்துக்கு அவர்கள் வரவே மாட்டார்கள். ஆந்திராவில் வறட்சி மிகுந்த ஏழு மாவட்டங்களில் விவசாயிகளே பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிணறுகளை அளந்து, விதைப்புக்கு முன் கூடிப் பயிர்க் கணக்குப் போட்டார்கள். அபராதம் கிடையாது, கட்டாயம் கிடையாது. என்ன பயிர் என்பதை அவரவர் முடிவுக்கே விட்டார்கள். மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜார் கிராமம் நேர்மாறாக, பாசனத்துக்குப் போர் போடவே கூடாது என்று கட்டுப்பாடு வைத்தது. அந்த ஆண்டு மழைக்கு ஏற்பக் கிராம சபையில் நீர்க் கணக்கு வாசித்துத்தான் பயிர் முடிவாகும். ஆனால் அங்கே 1990 வாக்கில் தலைவரான போபட்ராவ் பவார் பல ஆண்டுகள் மழைநீர்த் தடுப்பு வேலைகளைச் செய்து காட்டி நம்பிக்கை பெற்றிருந்தார். ஆண்டுகளாகச் சேர்ந்த அந்த நம்பிக்கை இல்லாமல் கட்டுப்பாட்டை மட்டும் இங்கே இறக்குமதி செய்ய முடியாது.

பெரிய தோட்டக்காரரை இழுக்க ஒரு வழி உண்டு. அவருடைய போர் ஒன்றையே அளவுக் கிணறாகக் கேளுங்கள். 800 அடி போருக்குச் செலவழித்தவர்தான் மட்டம் இறங்குவதைப் பார்த்து ஊரில் முதலில் கலங்குவார்.

கூட்டம் பகல் 11 மணிக்கு. களையெடுக்கப் போகும் நாங்கள் எப்படி வருவது? (கொட்டாம்பட்டி வாசகி)

கிராம சபை நேரத்தை உங்களால் மாற்ற முடியாமல் போகலாம். அதற்கு முந்தைய வாரம் தெருத்தெருவாக, காலனி உட்பட, மாலை ஏழு மணிக்கு மேல் சிறு கூட்டம் போடச் சொல்லுங்கள். எந்த அடிபம்பு எந்த மாதம் வற்றும், எந்தக் குழாயில் உப்பு ஏறியிருக்கிறது என்பதெல்லாம் குடம் தூக்குகிறவர்களுக்குத்தான் தெரியும். ஊராட்சியின் குடிநீர், சுகாதாரக் குழுவில் 10 முதல் 15 பேர், அதில் பாதி பெண்கள் இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்ட வழிகாட்டுதல். அந்தப் பட்டியலை வாங்கி, யார் யார் என்று பாருங்கள். தாங்கள் உறுப்பினர் என்பதே தெரியாதவர்கள் இருக்கக்கூடும்.

கண்மாய்க்குள் போர் போட்டு மழைநீரை உள்ளே இறக்கலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். கூடவே இன்னும் ஆழமாகத் தூர்வாரலாம் என்கிறார். செய்யலாமா? (செல்லம்பட்டி வாசகர்)

கண்மாயில் சாக்கடையோ ஆலைக் கழிவோ கலந்தால் போரை நினைத்தே பார்க்காதீர்கள். மண் வடிகட்டும் வேலையைத் தாண்டி, அழுக்கை நேரே குடிநீருக்குள் இறக்குவதாகிவிடும். சுத்தமான கண்மாய் என்றாலும் வண்டல்தான் எமன். குழாய் வாய் தரையோடு தரையாக இருந்தால் முதல் வெள்ளத்திலேயே சேறு அடைத்துவிடும். வாய் இரண்டு மூன்று அடி உயர்ந்திருக்க வேண்டும். சுற்றிலும் வடிகட்டித் தொட்டி: அடியில் கருங்கல், நடுவில் ஜல்லி, மேலே பருமணல். செப்டம்பரில் மேல்மணலைச் சுரண்டி மாற்ற வேண்டும். அதைச் செய்ய ஆள் யார் என்று தீர்மானத்தில் பெயர் இல்லையென்றால், மூன்றாம் ஆண்டு அது வெறும் குழாய்.

ஆழமாகத் தூர்வாருவதில் ஓர் ஊர்ச் சண்டை ஒளிந்திருக்கிறது. மடைத்தரைக்குக் கீழே வெட்டினால் அங்கே தங்கும் தண்ணீர் மடை வழியாக வெளியேறாது. கீழே ஊறி கிணற்றுக்காரருக்குப் போகும், ஆடுமாடும் குடிக்கும். கிணறு இல்லாத ஆயக்கட்டுக்காரருக்கு அதில் ஒரு சொட்டும் இல்லை. ஆகவே இரு தரப்பையும், மடை திறந்து நீர் பங்கிடும் நீர்க்கட்டியையும் ஒன்றாக உட்காரவைத்து ஆழத்தை முடிவுசெய்யுங்கள். கரையடியிலிருந்து தள்ளியே வெட்ட வேண்டும், கரைக்கல்லை அசைத்தால் அடுத்த மழையில் உடைப்பு. வண்டலை விவசாயிகள் தாசில்தார் அனுமதியுடன் இலவசமாக எடுக்கலாம்: ஏக்கருக்கு நஞ்சைக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. வண்டலுக்கு அடியில் கிராவல் தெரிந்ததும் லாரிகளின் எண்ணிக்கை கூடினால், வெட்டுவது கண்மாய்க்காக அல்ல என்று புரிந்துகொள்ளுங்கள்.

எங்களைக் கேட்டால், இரண்டுக்கும் முன்னால் வரத்துக்காலைப் பார்க்கச் சொல்வோம். தண்ணீர் வராத கண்மாயை எவ்வளவு ஆழப்படுத்தி என்ன?

தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரைக் கூட்டத்துக்கு அழைக்கலாமா? (சேடபட்டி வாசகர்)

தேங்காயைச் சட்னிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆளை மட்டும் கூப்பிடுங்கள்! அந்த வட்டாரத்தில் எத்தனை போர் போட்டார்கள், எது தண்ணீர் இல்லாமல் புகையாகப் போனது என்பது அவருக்கு மனப்பாடமாக இருக்கும். வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

நகரத்துக்குள் இருக்கிறோம். போர்த் தண்ணீர் உப்பு, மாதம் இரண்டு லாரி வாங்குகிறோம். எங்களுக்குக் கிராம சபையும் இல்லை. (மதுரை, அண்ணா நகர் வாசகி)

கிராம சபை இல்லை. ஆனால் 2022 விதிகளின்படி மாநகராட்சியின் 100 வார்டுகளுக்கும் வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. தெருவிளக்கு, குப்பை என்று போகும் அந்தக் கூட்டத்தில் உங்கள் தெருவின் போர் ஆழப் பட்டியலை வையுங்கள். வீடு, போட்ட ஆண்டு, அடி, இப்போதைய மட்டம், உப்பின் அளவு என்று ஐந்து கட்டங்கள் போதும். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழி இல்லாதபோது 2,000 வரை என்பது குடிநீர்த் தரநிலை. கையளவு மீட்டரில் யாரும் பார்க்கலாம்.

1,000 சதுர அடி மொட்டைமாடியில் 850 மி.மீ. மழைக்கு ஏறத்தாழ 63,000 லிட்டர் தேறும். 2003 முதல் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். குழியும் எல்லா வீட்டிலும் இருக்கிறது, பெரும்பாலும் மூடியாக மட்டும். பழைய கண்மாய் நிலத்தில் எழுந்த குடியிருப்புகளில் மேலே கரிசல் களி. அதில் மூன்றடிக் குழி தோண்டினால் தண்ணீர் நிற்குமே தவிர இறங்காது. சரளை தெரியும்வரை போக வேண்டும். ஒரு சோதனைக் குழியில் தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள். கழிவுநீர்த் தொட்டியிலிருந்து 30 அடியாவது தள்ளி இருக்கட்டும். சாக்கடையாகிவிட்ட கிருதுமால் ஆற்றுக் கால்வாய் ஓரத்து வீடுகளில் குழி வெட்டுவதைவிட, கால்வாயை மீட்கக் குரல் கொடுப்பதே முதல் வேலை.

திட்டம் எழுதியாயிற்று, தீர்மானமும் போட்டாயிற்று. ஆறு மாதத்தில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். (வாடிப்பட்டி வாசகர்)

நோட்டு யாருடைய அலமாரியில் இருக்கிறது? அங்கேதான் கோளாறு. ரேஷன் கடைச் சுவரில் கறுப்புப் பெயின்ட் அடித்து, மாதாமாதம் மூன்று எண்களைச் சாக்பீஸால் எழுதுங்கள்: இந்த மாத மழை, நான்கைந்து கிணறுகளின் மட்டம், போன ஆண்டு இதே மாதம் இருந்த மட்டம். அளப்பவர் ஒருவராக இருக்கக் கூடாது. அவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால் தொடர் அறுந்துவிடும். இருவராவது பழகியிருக்க வேண்டும், ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. பள்ளிக்கூடத்தில் மழைமானி வையுங்கள், மரத்திலிருந்தும் கட்டடத்திலிருந்தும் அவற்றின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி. காலை 8.30 மணிக்குப் படிக்க வேண்டும். விடுமுறை நாளில் யார் படிப்பது என்பதை இப்போதே பேசி வையுங்கள், தீபாவளி விடுமுறையில்தான் நம்மூரில் மழை கொட்டும்.